பலாவுக்கு முன் வசம்பு

ஓசூரின் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்களும், பெங்களூரின் நெரிசலைப் பொறுக்கமாட்டாமல் எல்லை கடந்து வந்தவர்களும், தலைமுறை தலைமுறையாக ராகியும் அவரையும் விளைத்து வந்த குடியானவர்களின் பிள்ளைகளும், தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி ஆகிய ஊர்களின் ஓரங்களில் இப்போது வீடு கட்டிக்கொண்டு வருகிறார்கள்; கட்டி முடித்துச் சுவருக்கு வண்ணம் பூசியதும் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, கொல்லையில் எதை நடலாம் என்பதுதான். இந்தப் பிரதேசத்தில் இக்கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, ஒரு பலாக்கன்று வையுங்கள் என்பதாகவே இருக்கிறது. அந்த விடையைச் சொல்கிறவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். பலாவின் பெருமையை அறிந்து சொல்கிறார்கள். ஆயினும், கேட்கிறவருடைய நிலம் மேடா, பள்ளமா, அவர் வீட்டுத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது, வேலிக்கு அப்பால் இருப்பது வயலா, வனமா என்ற மூன்றையும் விசாரிக்காமல் சொல்லிவிடுகிறார்கள் என்பதே என் குறை. இந்த எல்லைப்புறத்து வீடுகளில் முதலில் நடப்பட வேண்டியது பழமரம் அன்று, குளியலறைத் தண்ணீர் வந்து தேங்கும் அந்த ஈரமூலையில் ஒரு நீர்நிலைத் தாவரம், குறிப்பாக வசம்பு, என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

பலாவைப் பழித்து வசம்பைப் புகழ்வது என் நோக்கமன்று. மரத்தில் காய்க்கும் கனிகளுள் பலாவைவிடப் பெரியது உலகில் இல்லை. முக்கனியுள் ஒன்றாக நம் முன்னோரால் போற்றப்பட்டு, இன்று தமிழ்நாட்டின் மாநிலக் கனியாகவும் விளங்குவது அது. அதன் பிஞ்சு கறியாகிறது, சுளை விருந்தாகிறது, கொட்டை மழைக்காலத்துச் சிற்றுண்டியாகிறது, இலை ஆட்டுக்கு உணவாகிறது. வைரம் பாய்ந்த அதன் மஞ்சள் மரமோ தஞ்சாவூரின் கைவினைஞர் கையில் வீணையாகவும், வேறு ஊர்களில் மிருதங்கமாகவும் மாறி, மரம் சாய்ந்த பிறகும் பல தலைமுறை நாதம் தருகிறது. இலங்கையில் பலாமரத்தை வெட்டுவதற்கு அரசாங்கத்தின் அனுமதி பெற வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்நாட்டில் ஆர்தர் வி. தியஸ் என்ற பெருமகனார் பஞ்சகாலத்துக்கு உதவும் என்று கருதிப் பலாமரங்களை நாடெங்கும் நடச்செய்ததனால் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்றே மக்களால் அன்போடு அழைக்கப்பட்டார். நம் எல்லைக்கு அப்பால், தொட்டபள்ளாபுரத்தை அடுத்த தூபகெரேயின் பலாவும், தும்கூர் மாவட்டத்துச் செஞ்சுளைப் பலாவும் பிரசித்தி பெற்றவை. ஹெசரகட்டாவிலுள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார், தும்கூர்ப் பகுதியின் ஒரு விவசாயி காத்து வைத்திருந்த தாய்மரத்திலிருந்து ‘சித்து’ என்ற வகையை ஒட்டுக்கட்டிப் பரப்பியிருக்கிறார்கள். அதன் பழம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடையே உள்ளதாதலின், ஒரு சிறு குடும்பம் ஒரு பழத்தை வீணாக்காமல் உண்டு முடிக்கலாம். இப்படிப்பட்ட விருக்ஷத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் பலா எதைக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாவதாக அது இடம் கேட்கிறது. ஒரு மரத்துக்கும் மறு மரத்துக்கும் இடையே எட்டு மீட்டர், அதாவது இருபத்தாறு அடி, விடவேண்டும் என்பது தோட்டக்கலை நிபுணர்களின் விதி. ஓசூரைச் சுற்றிலும் இன்று விற்கப்படும் மனைகளோ பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது அடி. அதில் வீடு போக மிஞ்சுவது ஒரு நீண்ட சந்தும், பின்புறம் ஒரு சிறு முற்றமும். இரண்டாவதாக, பலா வடிகால் உள்ள ஆழமான மண்ணைக் கேட்கிறது. இதில் அது சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. வேரடியில் தண்ணீர் தேங்கி நின்றால், செழித்து வளர்ந்த மரமும் இலை வாடி, கிளை காய்ந்து, மாண்டுபோகிறது. நம்மவர்கள் செய்வது என்ன? கொல்லைப்புறத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைக் கண்டு அருவருத்து, ஒரு லோடு செம்மண் கொட்டி அதை மேடாக்கி, அந்தப் புது மேட்டின்மேல் பலாக்கன்றை வைக்கிறார்கள். மேலே மண் புதிது. கீழே ஈரம் பழையது. ஆவணி, புரட்டாசி மழையில் பள்ளம் தன் ஸ்தானத்தை நினைவுபடுத்துகிறது; கன்றின் இலைகள் ஓரத்தில் கருகத் தொடங்குகின்றன; வீட்டுக்காரர் உரம் போதவில்லை என்று எண்ணி எருவைக் கொட்டுகிறார், தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுகிறார். இவ்விதம் அழிந்த கன்றுகளை இந்தப் பக்கத்துப் புதுக்குடியிருப்புகளில் எங்கும் காணலாம். குற்றம் கன்றின் பேரிலும் இல்லை, வளர்த்தவரின் பேரிலும் இல்லை. அந்த இடம் மரத்துக்குரியதாக ஒருபோதும் இருந்ததில்லை.

இனி, ஜவளகிரிக்கே உரிய காரணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் காடு, வடமேற்கே பன்னேர்கட்டா வனங்களோடும் தெற்கே காவிரிக்கரை மலைகளோடும் ஒரே தொடராகப் பிணைந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகளில் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், அதன் தொடர்ச்சியாக 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இரண்டின் பரப்பையும் கூட்டினால் 1,190 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். இவ்வளவு பெரிய காட்டுக்கு வடக்கேயிருந்து வரும் யானைக்கு ஜவளகிரி ஒரு வாசல். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ராகிக் கதிர் பால்பிடித்து முற்றும் சமயத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டில் நுழைந்து, பிறகு சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து நொகனூர், தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம், சானமாவு என்று பரவுவதும், வயலோரத்துப் பரண்களில் குடியானவர்கள் தகரம் தட்டியும் தீப்பந்தம் காட்டியும் இரவெல்லாம் கண்விழிப்பதும், இந்தப் பிரதேசத்தின் பனிக்காலத்து வாழ்க்கை. தை, மாசியில் அறுவடை முடிந்து கூட்டங்கள் திரும்பிப்போன பிறகுதான் அவர்களுக்கு இராத்தூக்கம் என்பது கிடைக்கிறது. அப்போதும் இங்கேயே தங்கிவிட்ட சில ஆண் யானைகள் இருக்கவே செய்கின்றன.

பலா எப்போது பழுக்கிறது? சித்திரையில் தொடங்கி ஆடி வரையில். ராகியின் அச்சம் நீங்கி ஊர் சற்றே மூச்சு விடும் அந்த மாதங்களில்தான், கொல்லைப் பலாவின் வாசனை காற்றில் ஏறிக் காட்டுக்குள் புகுகிறது. நறுமணத்தை வெகுதூரத்திலிருந்து உணரும் சக்தியில் யானைக்கு நிகரான பிராணிகள் மிகச் சில. பலாப்பழத்தின்மேல் அதற்குள்ள ஆசையோ மேற்குத்தொடர் மலையோரத்தார் அனைவரும் அறிந்தது. கூடலூர், பந்தலூர், வயநாடு முதலிய இடங்களில், பலா பழுக்கும் பருவத்தில் யானை வீட்டு வாசலுக்கே வந்துவிடுவதனால், காய் முற்றுமுன்பே பறித்துவிடும்படி வனத்துறையினர் வேண்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அங்கே பழைய மரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. வேறு வழியில்லாமல் அவர்கள் அதைச் செய்கிறார்கள். நாமோ இல்லாத அழைப்பை இனிமேல் எழுதி அனுப்பத் துணிகிறோம். ஆண்டில் நான்கு மாதம் இருந்த அச்சத்தை எட்டு மாதமாக்கும் ஒரு காரியத்தை, நிழலுக்கென்றும் பழத்துக்கென்றும் நல்ல எண்ணத்தோடு செய்கிறோம்.

அச்சம் மனிதருக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அண்டை மாவட்டமாகிய தருமபுரியில் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காப்பதற்காகச் சட்டவிரோதமாக இழுக்கப்பட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் மடிந்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் உயிர்பிழைத்துத் திக்கற்று நின்றன. யானையின் ஆசையைத் தூண்டிவிட்டுப் பிறகு அதற்கு வேலி போடுகிற வாழ்க்கை, யானைக்கும் நல்லதன்று, வேலி போடுகிறவருக்கும் நல்லதன்று. ஆகையால் காட்டோரத்தில் வசிக்கிறவர்கள் புதிதாகப் பலா வைக்காதிருப்பதே உத்தமம். முன்னோர் வைத்த மரம் நிற்குமானால் அதை வெட்ட வேண்டாம். பிஞ்சிலேயே பறித்துக் கறியாக்கியும், ஓசூர்ச் சந்தைக்கு அனுப்பியும், ஒரு பழமும் மரத்தில் பழுக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும். காட்டிலிருந்து தொலைவில், வடிகாலுள்ள மேட்டு நிலமும் பரந்த இடமும் உள்ள தோட்டக்காரர் ‘சித்து’வையோ, பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட ஒட்டு வகைகளையோ தாராளமாக நடட்டும், அவர்களுக்கு என் மனப்பூர்வமான வாழ்த்துகள்.

மற்றவர்கள் என்ன செய்வது? அவர்கள் தங்கள் கொல்லையின் பள்ளத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்து, பல தலைமுறைகளாகப் பல்லையும் எலும்பையும் கெடுத்து வந்ததனால், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் என்ற பெருந்திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்தது. காவிரியின் நீரை ஒகேனக்கல்லில் எடுத்து, சுத்திகரித்து, மலைச்சரிவு ஏற்றி, இந்த உயர்ந்த பீடபூமிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு எவ்வளவு மின்சாரமும் எவ்வளவு மனித முயற்சியும் செலவாகின்றன என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். கிராமப்புறத்தில் ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வழங்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் இயக்கத்தின் கணக்கு; நால்வர் உள்ள வீட்டுக்கு இது 220 லிட்டர். இவ்வளவு அரும்பாடு பட்டு மேலே வந்த ஜலத்தில் பெரும்பங்கு, ஒருமுறை உடம்பின்மேலும் பாத்திரத்தின்மேலும் பட்ட மாத்திரத்தில் கழிவு என்ற பெயர் பெற்று, கொல்லையில் தேங்கிக் கொசுவை வளர்க்கிறது, அல்லது தெருவில் ஓடி அடுத்தவர் வாசலை நனைக்கிறது.

மேலேயுள்ளவர் விடுகிற தண்ணீரின் கொடுமையை ஓசூர்ப் பகுதியினரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை எல்லை தாண்டி வந்து கெலவரப்பள்ளி அணையில் இறங்கும்போது, மதகுக்குக் கீழே வெண்ணிற நுரை மலைமலையாகப் பொங்கி, பாலத்தையும் பாதையையும் மூடிவிடும் காட்சியைச் செய்தித்தாள்களில் பலமுறை கண்டிருக்கிறோம். அதற்காக அண்டை மாநிலத்தைக் கண்டித்து நாம் எழுப்பும் குரல் நியாயமான குரல். அது ஓயக் கூடாது. ஆயினும் ஜவளகிரிப் பக்கத்து ஓடைகளும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. அவை காட்டுச் சரிவில் இறங்கிக் காவிரியை நாடுபவை. நம்முடைய வீட்டுச் சோப்புத் தண்ணீருக்குக் கீழேயும் ஓர் ஏரி இருக்கிறது, அந்த ஏரியில் மாடு குடிக்கிறது, இரவில் யானையும் குடிக்கிறது. தென்பெண்ணைக்காக நாம் பேசும் நீதி, நம் சொந்தக் கொல்லையிலிருந்து தொடங்கினால்தான் முழுமை பெறும்.

இந்த ஸ்தானத்துக்குத்தான் வசம்பு வருகிறது. தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு வசம்பை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்தவர்களே அவர்கள்தாம். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் சுருங்கி உலர்ந்து மண்நிறத்தில் கிடக்கும் அந்தத் துண்டைத் தவிர, உயிரோடு நிற்கும் செடியைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. முழங்கால் உயரத்துக்கு மேலாக, வாள்போல் நீண்டு, நடுநரம்பு எடுப்பாகத் தெரிய, ஒளி வீசும் பசுமையோடு நெருங்கி நிற்கும் அதன் இலைகளைக் கசக்கினால், இஞ்சியையும் ஆரஞ்சுத் தோலையும் ஒருங்கே நினைவூட்டும் ஒரு வாசனை கையில் ஒட்டிக்கொள்ளும். கிழங்கு சேற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மண்ணைப் பற்றிக்கொள்ளும். தாவர சாஸ்திரிகள் இதைப் பற்றி ஓர் அதிசயம் சொல்கிறார்கள்: நெல், வாழை, தென்னை, பனை, மூங்கில் உட்பட ஒருவித்திலைத் தாவரங்கள் அனைத்தையும் ஒரு குடும்ப மரமாக வரைந்தால், அந்த மரத்தின் அடியிலேயே முதன்முதல் தனியாகப் பிரிந்து சென்ற கிளை வசம்பினுடையது. மற்றெல்லாவற்றுக்கும் மூத்த பங்காளி, நம் குளியலறைத் தண்ணீரில் நின்று வளரச் சம்மதிக்கிறது!

இதன் சாகுபடியைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் மேலே பலாவுக்காகச் சொன்ன அதே தும்கூர் மாவட்டத்தில், கொரட்டகெரே வட்டாரத்தில், நெல்லுக்குச் சேறு கூட்டுவது போலவே சேறு கூட்டி, கிழங்குத் துண்டுகளை நட்டு, தண்ணீர் கட்டி, ஏறத்தாழ ஓராண்டில் தோண்டி எடுத்து உலர்த்தி விற்கிறார்கள். கன்னடத்தில் பஜே, தெலுங்கில் வச என்று வழங்கும் இதை, மூன்று பாஷையும் ஒரே தெருவில் பேசப்படும் ஜவளகிரியில் ஒருவருக்கொருவர் எளிதில் சொல்லிக்கொள்ளலாம். தானியக் குதிரிலும் பருப்புப் பானையிலும் வசம்புத் தூள் இட்டு வண்டு வராமல் காத்தவர்கள் நம் பாட்டிமார்கள். ஏட்டுச்சுவடிகளுக்கு மையிட்டுப் பதப்படுத்தும்போது மஞ்சளோடு வசம்பையும் சேர்த்துப் பூச்சி அரிக்காமல் பாதுகாத்தவர்கள் நம் புலவர்கள். நாம் இன்று பதிப்பித்துப் படிக்கும் பழைய நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்ததில் இந்தச் சேற்றுச் செடிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கும்போது, அதைக் கொல்லையின் கடைமூலையில் வைப்பதுகூட எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

கழிவுநீரைத் தாவரம் எவ்வாறு தெளியச் செய்கிறது என்பது கேட்க இனிய விஷயம். நீர்நிலைத் தாவரங்களின் தண்டிலும் இலையிலும் காற்று இறங்குவதற்கான நுண்ணிய அறைகள் தொடர்ந்து அமைந்திருக்கின்றன. மேலே வாங்கிய பிராணவாயு அவ்வறைகளின் வழியாக இறங்கி, காற்றே புகாத சேற்றுக்குள் உள்ள வேரைச் சேருகிறது. வேரின் மேற்புறத்தில் கசியும் அந்தக் காற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியேறி, சோப்பிலும் அழுக்கிலும் உள்ள கரிமப் பொருள்களைச் சிதைத்து உண்கின்றன. மிஞ்சும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடி தனக்கு ஆகாரமாக எடுத்துக்கொள்கிறது. ஜெர்மானியப் பெண் விஞ்ஞானி கேதே சைடல் என்பவர் 1950-களில் கோரை இனத் தாவரங்களைக் கொண்டு இதைச் சோதனை செய்து காட்டியபோது, கழிவுநீர்ப் பொறியாளர்கள் பலர் எளிதில் நம்பவில்லை. இன்று உலகெங்கும் ஊர்களும் மருத்துவமனைகளும் இம்முறையைக் கையாளுகின்றன. சீனத்தில் இப்படி அமைக்கப்படும் நீர்ப்பாத்திகளில் வசம்பினமும் ஒன்றாகப் பயிரிடப்படுகிறது. நம் தமிழ்நாட்டிலேயே ஆரோவில்லில் தாவரப் பாத்திகள் பல்லாண்டுகளாக வேலை செய்து வருகின்றன. நம் கிராமங்களில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வாழையையும் சேம்பையும் கல்வாழையையும் வைத்தவர்கள் இந்த சாஸ்திரத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர், அனுபவத்தில் கண்டவர்கள். ஜவளகிரியில் வாழையைச் சொல்ல எனக்குத் தயக்கம். காரணம் மறுபடியும் யானைதான். வசம்பில் அது தேடிவரும் பழம் எதுவும் இல்லை.

மூன்று எச்சரிக்கைகளை இங்கே ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவது என் கடமை. குளியலறை நீரில் வளர்ந்த வசம்பை மருந்தாக யாருக்கும் கொடுக்கக் கூடாது. தண்ணீரின் அழுக்கை வாங்கிக்கொள்வதே அதன் வேலையாகையால், வாங்கியது அதற்குள்ளேயே இருக்கும். மேலும், சுத்தமான வசம்பையேகூடக் கைக்குழந்தைகளின் நாக்கில் தடவும் பழக்கத்தை இன்றைய குழந்தை மருத்துவர்கள் பலர் ஏற்பதில்லை. அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் தீங்கு விளைவிக்கும் என்று கண்டே அமெரிக்காவில் 1968-இல் உணவுப் பண்டங்களில் அதைச் சேர்ப்பதைத் தடுத்தார்கள். பாரம்பரியத்தின்மேல் எனக்குள்ள மதிப்பு, ஒரு சிசுவின் உடல்நலத்தைப் பணயம் வைக்கும் அளவுக்குப் போகாது. இரண்டாவது, கொசு. தண்ணீர் வெளியே தெரியும்படி தேங்கினால் கொசு வரும். ஆகையால் பாத்தியில் ஜல்லி நிரப்பி, தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கீழேயே நின்று நகரும்படி அமைக்க வேண்டும். மூன்றாவது, நீர்த்தாவரம் என்ற பெயரில் கண்டதையெல்லாம் கொண்டுவந்து விடாதிருத்தல். ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக நம் நாட்டுக் குளங்களுக்கு வந்தது. வங்காளத்தில் அது ஆறுகளையும் நெல்வயல்களையும் அடைத்துப் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டபடியால், 1936-இல் அதை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஓசூரின் ஏரிகளிலும் அதே பச்சைப் போர்வையைப் பார்க்கிறோம். வசம்போ பெரும்பாலும் விதை கட்டாதது. நட்ட இடத்திலிருந்து கிழங்கு ஊர்ந்தால்தான் பரவும். கல் வரம்பு கட்டிவிட்டால் அதற்குள் அடங்கி நிற்கும்.

வசம்பு நிழல் தராதே, பழம் தராதே, வாசலில் நின்று வருவோரை வரவேற்காதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வைத்தவருடைய பெயரைப் பேரப்பிள்ளைகள் வரையில் சொல்லும் பெருமை ஒரு மரத்துக்கு உண்டு. சேற்றில் நிற்கும் ஒரு செடிக்கு அது வாய்ப்பதில்லை. ஆயினும் நான் மரத்துக்கு எதிராக வாதாடவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். பாத்தியில் தெளிந்த தண்ணீரைச் சற்றுத் தள்ளி, வடிகாலுள்ள இடத்தில் நிற்கும் ஓர் எலுமிச்சைக்கோ கறிவேப்பிலைக்கோ விடலாம். பெரிய தோட்டமாயின் மேட்டிலுள்ள பலாவுக்கே விடலாம். வசம்பு முன்னே போனால், பழமரம் பின்னே வர வழி கிடைக்கிறது. மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கி, எல்லா இடத்திலும் ஒரே வகை மரத்தை வைக்கும் நம் மனோபாவம்தான் மாற வேண்டும். அதே மனோபாவம் கொல்லையோடு நில்லாமல் ஊருக்குள்ளும் வந்து, குட்டைகளைத் தூர்த்துப் பேருந்து நிலையமாகவும், ஏரியின் நீர்ப்பிடிப்பை மனையாகவும் ஆக்கியிருக்கிறது என்பதை, ஒவ்வொரு பெருமழைக்கும் முழங்கால் தண்ணீரில் நடக்கும் நகரவாசிகளிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுதோறும் வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் ஆயிரக்கணக்கான கன்றுகளை இப்பகுதியில் வழங்குகின்றன. அவை பெரும்பாலும் மேட்டுநிலத்து மரங்கள். தளியில் கொய்மலர்களுக்கென்று இந்திய–இஸ்ரேலியக் கூட்டு முயற்சியில் ஒரு மகத்துவ மையமே நடக்கிறது. குளிர்ந்த இந்த வானிலையில் ரோஜாவை வளர்த்துக் கடல் கடந்து அனுப்பும் அளவுக்கு இங்கே தோட்டக்கலை அறிவு செழித்திருக்கிறது. அந்த அறிவில் ஒரு சிறு பகுதியை ஈரநிலத் தாவரங்களுக்கும் ஒதுக்கி, வசம்பு, கல்வாழை, வெட்டிவேர் முதலியவற்றின் கிழங்கையும் நாற்றையும் நாற்றங்காலில் வளர்த்து, மரக்கன்றோடு சேர்த்தே கொடுக்கும்படி செய்வது கடினமான காரியமன்று. ஊராட்சி மன்றங்கள், தெருக் கால்வாய் ஏரியில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு பாத்தி அமைத்துக் காட்டினால், வீட்டுக்கு வீடு சென்று பிரசாரம் செய்ய வேண்டிய அவசியமே இராது. காட்டோரத்து ஊராட்சிகளில் பலாக்கன்று வழங்குவதை வனத்துறை இந்த ஆண்டிலிருந்தே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு முறை இதுதான். குளியலறை, துவைகல் இவற்றின் தண்ணீரை மட்டும் ஒரு குழாயில் கொண்டுவர வேண்டும். கழிப்பறை நீர் இதில் சேரவே கூடாது. அடுக்களைத் தண்ணீரைச் சேர்ப்பதாயின், எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்க முன்னால் ஒரு சிறு தொட்டி வைத்து, அதை வாரந்தோறும் வழித்தெடுக்க வேண்டும். பள்ளத்தில் இரண்டடி ஆழம் வெட்டி, அடியில் களிமண்ணை மிதித்து இறுக்கியோ தார்ப்பாய் விரித்தோ, அரையடிக்குப் பருஞ்ஜல்லியும் அதன்மேல் சிறு ஜல்லியும் இட்டு, தண்ணீர் ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் வெளியேறும்படி விட வேண்டும். கிழங்கைக் கணுவோடு துண்டாக்கி, சாணுக்கு ஒன்றாகக் கிடைமட்டத்தில் பதித்து, வேர் பிடிக்கும் வரையில் சில வாரங்களுக்கு நல்ல தண்ணீரே ஊற்றி, பிறகு சோப்புத் தண்ணீரைத் திறந்துவிடலாம். வைகாசியில் கோடைமழை இரண்டு பெய்து மண் குளிர்ந்ததும் நடுவது நல்லது. புரட்டாசிப் பெருமழை வருமுன் இலை அடர்ந்துவிடும்.